எட்டு வரிக்கு ஓர் உரை

தென் மாவட்டத்தில் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் ஓர் அலுவலகம். பில் போடும் கணினிக்குப் பக்கத்துச் சுவரில், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாள் தொங்குகிறது. எட்டே வரி. எழுதியவர் அங்கே பெரிய கணக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். முப்பது வருஷம் பேரேடு எழுதிய கை. கணினியில் அவருக்குத் தெரிந்த வேலை பிரிண்ட் எடுப்பது ஒன்றுதான். ஆனால் அலுவலகத்தின் பொதுத் தரவுத்தளத்தை யார் திறக்கலாம், திறந்தபின் என்ன செய்யலாம் என்று அவர் எழுதிவைத்ததைவிடத் தெளிவான விதியை நான் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை. அந்தத் தரவுத்தளத்தைப் பராமரிப்பவன் நான். இத்தனை வருஷமாக நான் செய்ததெல்லாம் அந்த எட்டு வரியைக் கணினிக்குப் புரியும்படி சொன்னதுதான். எனக்குப் பின் வருபவருக்கு மூலம் மட்டும் போதாது, உரையும் வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

மூலம்:

ஆளுக்கு ஒரு பெயர். பெயருக்கு ஓர் ஆள்.
கொடுக்காதது எதுவும் கிடையாது.
உரிமை வேலையைப் பார்த்து. ஆளைப் பார்த்து இல்லை.
பார்ப்பது, சேர்ப்பது, திருத்துவது, அழிப்பது நான்கும் வேறு வேறு.
மறைத்தது பூட்டியது ஆகாது.
பதிந்தவரே ஒப்பக் கூடாது.
போனவர் பெயரை அன்றே பூட்டு, அழிக்காதே.
எல்லாம் திறக்கும் சாவி உறைக்குள் இருக்கட்டும்.

உரைக்கு முன் இந்தத் தாள் பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும். அப்போது எங்கள் தரவுத்தளம் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் செய்த ஒரே ஒரு ஃபைல். ஒரு கணினியில் ஷேர் செய்த ஃபோல்டருக்குள் கிடக்கும். ஒன்பது கணினிகளிலிருந்து எல்லோரும் அதைத் திறப்பார்கள். திறக்கும் பெயர் எல்லோருக்கும் ஒன்றே: ‘ஆபீஸ்’. பாஸ்வேர்டு, மானிட்டரின் அடிப்பக்கம் செலோ டேப்பில் எழுதி ஒட்டியிருக்கும். ஒருநாள் ஒரு மெடிக்கல் கடையின் கடன் வரம்பு 50,000 ரூபாயிலிருந்து 5,00,000 ஆகியிருந்தது. ஒரே ஒரு பூஜ்யம். அந்த வரம்பை நம்பிச் சரக்கு போனது, கடை மூடிக்கொண்டது. மாற்றியது யார்? பதிவில் ‘ஆபீஸ்’ என்றிருந்தது.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதமான ஒரு பெண் அப்போது பில் போட்டுக்கொண்டிருந்தாள். நீதான் செய்தாய் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் கேள்வி கேட்டதெல்லாம் அவளிடம்தான். ஒரு வாரத்தில் அவள் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பெரிய கணக்கர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: “அந்தப் பிள்ளை செய்யலைன்னு காட்ட நம்மகிட்ட ஒரு துண்டுக் காயிதம்கூட இல்லையேப்பா.” மறுநாள் காலையில் இந்தத் தாள் என் மேஜையில் இருந்தது. இந்த எட்டு வரியையும் திருடனைப் பிடிக்க எழுதியதாகப் படித்தால் பொருள் தவறிப்போகும். அந்தப் பெண்ணை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

*ஆளுக்கு ஒரு பெயர். பெயருக்கு ஓர் ஆள்.*

முதல் பாதி எளிது. பதினான்கு பேருக்குப் பதினான்கு லாகின் போட்டுக் கொடுப்பது அரை நாள் வேலை. இரண்டாம் பாதிதான் கடினம். கணினிகளைத் தரவு இருக்கும் சர்வரோடு (அதற்கு மாறிய கதை கீழே வரும்) சேர்க்கும் ஓடிபிசி இணைப்பை அமைக்கும்போது ஒரே பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதி எல்லா இடத்திலும் வைத்துவிடுவது பராமரிப்பவனுக்கு வசதி. அப்படிச் செய்தால் பதினான்கு பேர் தனித்தனியாக உள்ளே வருவதாகத் திரையில் தோன்றும். சர்வரின் கண்ணுக்கு எல்லோரும் ஒரே ஆள். பெயர் திரையோடு நின்றுவிடாமல் சர்வர்வரைக்கும் போய்ச் சேர வேண்டும். ‘பெயருக்கு ஓர் ஆள்’ என்பதற்கு நான் கொள்ளும் பொருள் இதுதான்.

ஆக்சஸ் ஒரு காலத்தில் இதற்கு வழி வைத்திருந்தது. பழைய எம்டிபி வகை ஃபைல்களில், பயனர் பெயர்களையும் குழுக்களையும் தனி ஃபைல் ஒன்றில் எழுதி ஆளுக்குத் தகுந்த அனுமதி கொடுக்கலாம். 2007 பதிப்போடு வந்த புதிய ஃபைல் வகையில் அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது மொத்த ஃபைலுக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதனால் அட்டவணைகளை எல்லாம் எஸ்கியூஎல் சர்வரின் இலவசப் பதிப்பான எக்ஸ்பிரஸுக்கு மாற்றினேன். ஒரு தரவுத்தளம் 10 ஜிபி வரை வளரலாம் என்பது அப்போது அதன் எல்லை; எங்கள் அளவுக்கு அது தாராளம். பில் போடும் படிவங்கள் ஆக்சஸிலேயே நின்றன.

பாஸ்வேர்டு பற்றி ஒரு வார்த்தை. மாதம் ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும் என்று முதலில் நானே கட்டாயப்படுத்தினேன். அடுத்த மாதமே கீபோர்டுக்கு அடியில் துண்டுச் சீட்டுகள் முளைத்தன. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி, காரணமில்லாமல் இப்படிக் கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது. நீளமான ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், யாருக்காவது தெரிந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் உடனே மாற்றுங்கள் என்று சொன்னபின் சீட்டுகள் காணாமல் போயின.

*கொடுக்காதது எதுவும் கிடையாது.*

கேட்கக் கறாராக இருக்கும். ஆனால் அவர் சொல்ல வந்தது கஞ்சத்தனம் இல்லை. தொடக்க நிலை எதுவாக இருக்க வேண்டும் என்பது. எல்லாவற்றையும் திறந்துவைத்து வேண்டாததை மட்டும் அடைப்பது ஒரு முறை. எல்லாவற்றையும் மூடிவைத்து வேண்டியதை மட்டும் திறப்பது இன்னொன்று. இரண்டிலும் மனிதன் மறப்பான். முதல் முறையில் மறந்தால் ஒரு கதவு திறந்தே கிடக்கும். கதவு திறந்திருக்கிறது என்று யாரும் போன் போட்டுப் புகார் சொல்ல மாட்டார்கள். இரண்டாவதில் மறந்தால், பத்தே நிமிஷத்தில் குடோனிலிருந்து “சார், எக்ஸ்பைரி லிஸ்ட் வரமாட்டேங்குது” என்று அழைப்பு வரும். பிழை தானாகவே வாய் திறந்து பேசுகிறது. ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் எழுதிய கட்டுரையில், கணினிப் பாதுகாப்புக்கு வகுத்த எட்டுக் கோட்பாடுகளில் இதுவும் ஒன்று. பெரிய கணக்கர் அதைப் படித்திருக்க வழியே இல்லை. இரும்புப் பெட்டியைப் பூட்டிப் பூட்டிப் பழகிய கைக்குத் தெரிந்த விஷயம் அது.

கவனிக்க வேண்டியது ஒன்று: எஸ்கியூஎல் சர்வரில் ‘பப்ளிக்’ என்று ஒரு ரோல், அதாவது அனுமதிகளைச் சேர்த்துவைக்கும் குழு, உண்டு. புதிதாக ஒருவரைச் சேர்த்தாலே அவர் அதில் உறுப்பினர். அதிலிருந்து யாரையும் நீக்க முடியாது. அவசரத்துக்கு அந்த ரோலுக்கு ஓர் அனுமதி கொடுத்தால், நாளைக்குச் சேரப்போகிறவருக்கும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும். நமது அட்டவணை எதையும் பப்ளிக்குக்குக் கொடுக்கக் கூடாது.

*உரிமை வேலையைப் பார்த்து. ஆளைப் பார்த்து இல்லை.*

பில், குடோன், வசூல், கணக்கு, மேலாளர், முதலாளி என்று எங்கள் அலுவலகத்தில் ஆறு ரோல். அனுமதியெல்லாம் ரோலுக்கு. ஆளை ரோலில் சேர்ப்பதும் எடுப்பதும் மட்டுமே என் அன்றாட வேலை. 1992இல் டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் கூனும் இந்த முறையை முறையான கொள்கையாக எழுதினார்கள். இன்று வங்கியிலிருந்து ஆஸ்பத்திரிவரை எங்கும் இதுதான்.

குடோனில் இருந்தவரை வசூலுக்கு மாற்றும்போது வசூல் உரிமையை மறக்காமல் கொடுத்துவிடுவோம், அது இல்லாமல் அவருக்கு வேலை ஓடாது. குடோன் உரிமையை எடுப்பதை மறந்துவிடுவோம், அது இருப்பதால் யாருக்கும் தொந்தரவு இல்லை. இப்படியே நாலு பிரிவு சுற்றிய ஒருவர் பதினைந்து வருஷத்தில், யாரும் நினைத்துக் கொடுக்காமலேயே, எல்லாக் கதவுக்கும் சாவி வைத்திருப்பார். அவர் நல்லவராகவே இருப்பார். ஆனால் எங்கே எது நடந்தாலும் அவர் பெயரும் பட்டியலில் வந்து நிற்கும். நாற்பது வயதுக்கு மேல் ஒரு மனிதரை அப்படி நிறுத்துவது பெரிய அநியாயம்.

இந்த இடத்தில் கிராண்ட், ரிவோக், டினை என்ற மூன்று கட்டளைகளையும் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். கிராண்ட் என்றால் கொடு. ரிவோக் என்பதைப் புதிதாக வருபவர்கள் ‘தடை போடு’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். முன்பு எழுதியதை அழித்துவிட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் அது. அதே உரிமை வேறொரு ரோல் வழியாக அவருக்கு இருந்தால், ரிவோக் செய்தபின்னும் இருந்துகொண்டே இருக்கும். தடை என்பது டினை. ரோல் எது கொடுத்திருந்தாலும் பொதுவாக டினையே வெல்லும். அந்தப் பலத்தை நம்பி அதை அள்ளித் தெளிக்க வேண்டாம். இரண்டு வருஷம் கழித்து ‘இவருக்கு மட்டும் ஏன் வரவில்லை’ என்று தேடும்போது தலை சுற்றும். இரண்டாம் வரியை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் டினைக்கு வேலையே அபூர்வம்.

முதலாளிக்கும் இந்த வரி பொருந்துமா? பொருந்தும். ‘முதலாளி’ ரோல் எல்லாவற்றையும் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. முதலில் அவருக்குக் கோபம் வந்தது: “என் கடையில எனக்கே பூட்டா?” பெரிய கணக்கர் மெதுவாகத்தான் சொன்னார்: “உங்க பேரும் சுத்தமா இருக்கணும்லா அண்ணாச்சி.” அதற்குப் பின் முதலாளி கேட்கவில்லை.

*பார்ப்பது, சேர்ப்பது, திருத்துவது, அழிப்பது நான்கும் வேறு வேறு.*

என்னைக் கேட்டால் இந்தத் தாளின் உயிர் இந்த வரி. செலக்ட், இன்சர்ட், அப்டேட், டிலீட் என்ற நான்கு கட்டளைகளைப் பற்றி ஒன்றும் தெரியாதவர், அவற்றை வரிசை மாறாமல் எழுதியிருக்கிறார். பேரேட்டில் அவை நான்கும் நான்கு விதமான செயல். ஏட்டைப் புரட்டிப் பார்ப்பவன் வேறு. புதுப் பதிவு போடுபவன் வேறு. போட்ட பதிவில் தவறு இருந்தால் அதைச் சுரண்டக் கூடாது, எதிர்ப்பதிவு போட்டுத்தான் நேர் செய்ய வேண்டும். ஏட்டிலிருந்து தாளைக் கிழிப்பதோ நினைத்தே பார்க்க முடியாத காரியம்.

கடைசியிலிருந்து வருகிறேன். அழிக்கும் உரிமை எந்த ரோலுக்கும் கிடையாது. பில்லை ரத்து செய்ய வேண்டுமானால் கிரெடிட் நோட் போடுங்கள்; பழைய பில் இருந்த இடத்திலேயே இருக்கும். திருத்தும் உரிமையும் அநேகமாகக் கிடையாது. அன்றைக்குப் பூஜ்யம் விழுந்த அந்தக் கடன் வரம்பை இப்போது யாரும் நேரே திருத்த முடியாது. அதற்கென்று சர்வருக்குள் ஒரு ஸ்டோர்டு புரொசீஜர் எழுதிவைத்திருக்கிறேன். அதை இயக்கும் அனுமதி மேலாளருக்கு மட்டும். அட்டவணையைத் தொடும் அனுமதி அவருக்கும் இல்லை. கடை, பழைய வரம்பு, புதிய வரம்பு, காரணம் எல்லாம் கேட்டு வாங்கி, யார் எப்போது செய்தார் என்று எழுதிவிட்டுத்தான் அது மாற்றும். காரணக் கட்டத்தைக் காலியாக விட்டால் மாற்றாது.

சேர்ப்பதில் சிக்கல் குறைவு. பார்ப்பதைத்தான் எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘சும்மா பாத்தா என்ன குறைஞ்சிரும்?’ என்பார்கள். கொள்முதல் விலையும் சம்பளமும் பார்த்தாலே போதும், அலுவலகத்தில் பேச்சு மாறிவிடும். பில் போடுபவருக்கு மருந்தின் பெயர், பேட்ச், எக்ஸ்பைரி, விற்பனை விலை வேண்டும். கொள்முதல் விலை வேண்டாம். அதனால் அட்டவணையை அப்படியே காட்டாமல், அந்த நான்கு பத்தி மட்டும் கொண்ட ஒரு ‘வியூ’ செய்து அதற்கு மட்டும் பார்க்கும் உரிமை கொடுத்தேன். கடைக்காரர்களின் செல்பேசி எண்ணும் இப்படித்தான். வசூலுக்கு வேண்டும், குடோனுக்கு வேண்டாம். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைக் காக்கத் தக்க ஏற்பாடு செய்யாமல் விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. சட்டம் வருவதற்கு முன்பே சரியாக இருந்த ஏற்பாடு இது.

நான்கும் வேறுதான், ஆனால் ஒன்றையொன்று தொடாமல் இருப்பதில்லை. ‘இந்த எண்ணுள்ள பில்லை மட்டும் திருத்து’ என்று நிபந்தனை போட்டால், அந்த எண்ணைத் தேடிப் பார்க்கும் உரிமையும் சேர்ந்து வேண்டும் என்பது எஸ்கியூஎல் சர்வரின் விதி. திருத்த மட்டும் கொடுத்துவிட்டு ஏன் ஓடவில்லை என்று நான் அரை நாள் உட்கார்ந்திருக்கிறேன்.

*மறைத்தது பூட்டியது ஆகாது.*

மற்ற ஏழு வரியும் நீல மையில் இருக்கும். இது மட்டும் கறுப்பு மை. நான்காம் வரிக்கும் அடுத்ததற்கும் நடுவில் நெருக்கி எழுதியது. பின்னால் சேர்த்தது. சேர்க்கக் காரணம் நான்.

சர்வருக்கு மாறுவதற்கு முன், ஆக்சஸிலேயே சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன். அட்டவணைகளை ஒரு ஃபைலிலும் படிவங்களை இன்னொன்றிலும் பிரித்தேன். உள்ளே வருபவர் யார் என்று பார்த்து, அவருக்கு வேண்டாத பட்டன்களை மறைத்தேன். பெரிய கணக்கரை அழைத்து, சம்பளப் பட்டன் இல்லாத குடோன் திரையைப் பெருமையாகக் காட்டினேன். பக்கத்தில் நின்ற குடோன் பையன், “இப்படித் திறந்தா எல்லாம் வருமே சார்” என்று ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஃபைலை இருமுறை கிளிக் செய்தான். தொடக்கத் திரை வரவே இல்லை. இடப்பக்கம் அட்டவணைகள் வரிசையாக நின்றன, நான்காவது ‘சம்பளம்’. பெரிய கணக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார், என்னை ஒன்றும் சொல்லவில்லை.

ஷிஃப்ட் கீயை முடக்க வழி உண்டு. முடக்கினேன். அதனாலும் பூட்டு விழவில்லை. காலியான ஒரு புது ஆக்சஸ் ஃபைலைத் திறந்து, அதிலிருந்தே ஷேர் ஃபோல்டரில் உள்ள அட்டவணைகளை இணைத்துக்கொள்ளலாம். பாஸ்வேர்டு போட்டாலும், படிவ ஃபைலுக்குள் இருக்கும் இணைப்பு வரியில் அந்தப் பாஸ்வேர்டு படிக்கும்படியாகவே கிடக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஃபோல்டர் அனுமதி. ஆக்சஸ் ஃபைலை யாராவது திறந்தால் பக்கத்திலேயே ஒரு பூட்டு ஃபைல் உருவாகும். கடைசி ஆள் மூடும்போது அது அழியும். அதனால் பயன்படுத்தும் எல்லோருக்கும் அந்த ஃபோல்டரில் எழுதவும் அழிக்கவும் உரிமை கொடுத்தே ஆக வேண்டும். அந்த உரிமை உள்ளவர் மொத்த ஃபைலையும் பென் டிரைவில் எடுத்துப் போகலாம். சர்வருக்கு மாறியதன் உண்மையான பலன் இங்கேதான்: இன்று பயனர் கையில் ஃபைல் இல்லை, கேள்வி கேட்கும் உரிமை மட்டும் இருக்கிறது. சர்வர் பதில் சொல்லும், அல்லது மறுக்கும்.

*பதிந்தவரே ஒப்பக் கூடாது.*

விளக்கம் அதிகம் வேண்டாத வரி. 1995இல் பேரிங்ஸ் என்ற பழம்பெரும் பிரிட்டிஷ் வங்கி, சிங்கப்பூர் கிளையில் ஒரே மனிதர் வியாபாரத்தையும் செய்து அதன் கணக்கையும் கவனித்துக்கொண்டதால், 80 கோடி பவுண்டுக்கு மேல் இழந்து மூழ்கியது. எங்கள் இடத்தில் டேமேஜ் சரக்கை ஸ்டாக்கிலிருந்து கழிக்கக் குடோன் பதியும், கணக்கு ஒப்பும். பதிந்த பெயரும் ஒப்பும் பெயரும் ஒன்றாக இருந்தால் அட்டவணையே ஏற்காது. சரிபார்ப்பைப் படிவத்தில் வைக்காமல் அட்டவணையில் வைத்திருக்கிறேன். ஏன் என்பது முந்தின வரியில் இருக்கிறது. ஒருவரே இரண்டு வேலை பார்க்கும் சின்ன அலுவலகத்தில் என்ன செய்வது என்று கேட்பார்கள். அங்கே ஒப்புதலை முதலாளிதான் தர வேண்டும். அதற்கு அவர் தினமும் பத்து நிமிஷம் ஒதுக்கத்தான் வேண்டும்.

*போனவர் பெயரை அன்றே பூட்டு, அழிக்காதே.*

‘அன்றே’ என்பதற்கு நான் கொள்ளும் பொருள், கடைசிச் சம்பளக் கணக்கு முடிக்கும் அதே மணி. அனுமதி இல்லாமல் கணினிக்குள் போவதும் தரவைப் பிரதி எடுப்பதும் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஆம் பிரிவின்படி தவறு. ஆனால் லாகினைப் பூட்டாமல் விட்டுவிட்டு, அனுமதி இல்லாமல் வந்தார் என்று சொல்வது எப்படி? போனவருக்கும் இது நல்லது. அவர் பெயரில் நாளை வேறொருவர் நுழைந்தால், போன இடத்தில் அவருக்கு அவப்பெயர் வரக் கூடாது.

‘அழிக்காதே’ என்றது, அவர் போட்ட ஆயிரக்கணக்கான பில்லில் அவர் பெயர் இருப்பதால். சர்வரில் லாகினை முடக்கிவைக்கலாம். ஆள் வர முடியாது, பெயர் இருக்கும். நீண்ட விடுப்பில் போகிறவருக்கும் இதையே செய்கிறோம். அவர் இடத்தில் வேலை பார்ப்பவர் தன் சொந்தப் பெயரோடு அந்த ரோலில் சேர்வார், திரும்பி வந்த அன்று விலகுவார். ‘என் பாஸ்வேர்டை வச்சு நீயே போட்டுரு’ என்பது நட்பாகச் சொல்வது. அதன் சுமை நண்பர் தலையில் விழும்.

*எல்லாம் திறக்கும் சாவி உறைக்குள் இருக்கட்டும்.*

சாவி என்றது ‘எஸ்ஏ’ என்ற நிர்வாகி லாகினை. மற்ற ஏழு விதியும் எல்லோரையும் கட்டும். அந்தப் பெயரில் நுழைபவரை எதுவும் கட்டாது. அந்த ஆள் நான். என்னைக் கட்டுவதற்காக எழுதிய வரி இது என்று எனக்கு அன்றே தெரியும், வருத்தமில்லை. என் அன்றாட வேலைக்குத் தனிப் பெயர் உண்டு. அதைக்கொண்டு ஆட்களை ரோலில் சேர்க்கலாம், எடுக்கலாம். பில்லைத் தொட முடியாது.

தாளில் ஒரு குறை தெரியும்: நடந்ததைப் பதிந்துவைக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. முதல் வரியிலேயே அது அடங்கும் என்று கொள்கிறேன். எழுதிவைக்கப் போவதில்லை என்றால் ஆளுக்கு ஒரு பெயர் எதற்கு? கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனங்களின் கணக்கு மென்பொருள், ஒவ்வொரு மாற்றத்தையும் நிறுத்த முடியாதபடி பதிய வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதியே இருக்கிறது. எங்கள் சர்வரில் முக்கிய அட்டவணைகளுக்கு டிரிகர் எழுதியிருக்கிறேன். பழைய மதிப்பு, புதிய மதிப்பு, பெயர், நேரம் நான்கும் தனி அட்டவணையில் விழும். உறையைத் திறந்தவரால் அதையும் திருத்த முடியும். ஆகவே அதன் பிரதி தினமும் இரவில் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போகிறது. அங்கே எனக்கு லாகின் இல்லை.

உறை இரும்புப் பெட்டியில் இருக்கிறது. ஒட்டிய இடத்தின் மேல் முதலாளி கையெழுத்தும் மேலாளர் கையெழுத்தும். திறந்தால் பின்பக்கத்தில் தேதி, காரணம், இருவர் கையெழுத்து. வேலை முடிந்ததும் புதுப் பாஸ்வேர்டு, புது உறை, பழைய உறை கோப்பில். இதுவரை நான்கு உறை. மூன்றில் ‘சர்வர் மாற்றம்’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது. முதலாவதில் பெரிய கணக்கரின் நீல மை: ‘சோதனைக்காகத் திறந்தது. சரியாக இருக்கிறது.’